தொபியாஸ் வீட்டுத் துறைமுகம்

புன்னைமுனையில் தொபியாஸ் கொரேரா வீட்டுக் கூடத்துக்குள் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு. அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்து, துணியைப் பிழிந்து கொடியில் போடப் போன தெக்லாள், மேசை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து தரை மறுபடி ஈரமாவதைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

கடல் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பழைய கதவுகளை ஒட்டிப் போட்டு, மேலே பலகை அடித்து, எட்டடிக்கு ஆறடியில் அவள் புருசன் தொபியாஸ் கட்டிக்கொண்டிருந்த மாதிரித் துறைமுகத்தின் கடல்தான் அது. குடைக்கம்பியில் செய்த கிரேன்கள், பிஸ்கட் டப்பாத் தகரத்தில் செய்த, உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி, பித்தளைத் திருகாணியை நட்டுச் செய்த கயிறு மாட்டும் குத்திகள், சென்னையில் ஒரு கடையிலிருந்து பார்சலில் வந்த சின்ன ரயில் என்ஜின், அதன் பின்னால் நான்கு சரக்குப் பெட்டி, ஒரு பயணிகள் பெட்டி, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நீல வர்ணம் அடித்து, ஃபைபர் வள்ளம் செய்கிற பட்டறையில் வாங்கிய பிசினை இரண்டு தடவை ஊற்றிக் காயவைத்த கடல். திங்கட்கிழமை இரவு வரை கண்ணாடி போல இறுகிக் கிடந்த அது, செவ்வாய்க்கிழமை காலையில் சின்னச் சின்ன அலைகளாக வந்து தொபியாஸ் கட்டிய கப்பல்துறைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

தெக்லாள் சுவரில் மாட்டியிருந்த குழந்தை யேசு படத்தைப் பார்த்து, "ஆண்டவரே, மேசையில இருந்து தண்ணி ஒழுகுதுன்னு இந்த மனுசன்ட்ட சொல்லும்" என்றாள்.

தொபியாஸும் அதே படத்தைப் பார்த்து, "ஒழுகல ஆண்டவரே, வெள்ளம் ஏறுது. மத்தியானம் ஒரு மணிக்கு வத்திரும்னு அவகிட்டச் சொல்லும்" என்றார்.

அவர் சொன்னபடியே ஒரு மணிக்கு வற்றியது.

புருசனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசி அன்றைக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு. தொபியாஸ் முப்பத்தொரு வருசம் புன்னைமுனைத் துறைமுகத்தில் கயிற்று மேஸ்திரியாக இருந்தவர். கப்பல் கரைக்கு வரும்போது மேலே இருந்து முதலில் ஒரு மெல்லிய கயிற்றை எறிவார்கள், அதைப் பிடித்து இழுத்தால் அதன் நுனியில் கட்டியிருக்கிற தொடைப் பருமன் கயிறு வரும், அதைக் குத்தியில் மாட்டினால் கப்பல் நிற்கும். எறிகிற கயிற்றைத் தண்ணீரில் விழவிடாமல் பிடிப்பதுதான் அந்த வேலையின் மானம். ஆகவே கயிற்றுக்காரர்கள் வீட்டில் யார் எதை நீட்டினாலும் கை தானாகப் போய் வாங்கிக்கொள்ளும், கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, அடுத்த வீட்டுக் கைக்குழந்தையானாலும் சரி, பஸ்ஸில் கண்டக்டர் வேறு யாருக்கோ நீட்டுகிற டிக்கெட்டானாலும் சரி. மகன் லியோன்சும் அப்படியே வளர்ந்தான். ஐஸ் பேக்டரியில் மெக்கானிக்காகப் போகிறேன் என்று சொன்னவனை, "ஏலே, கப்பலுக்குப் போ, அப்பத்தான் நாலு தேசம் தெரியும்" என்று ஏஜென்ட் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தவரும், ஏஜென்ட் நீட்டிய தாளில் முதல் கையெழுத்தைப் போட்டவரும் தொபியாஸ்தான்.

செரினா ஸ்டார் என்ற அந்தக் கப்பல் வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட மறு வாரம், அதன் முதலாளி காணாமல் போனான். எண்ணெய் தீர்ந்தது, என்ஜின் செத்தது, மாலுமிகள் ஒவ்வொருவராகக் கழன்று ஊருக்குப் போனார்கள், கடைசியில் அந்த ஊர்க் கோர்ட்டிலிருந்து ஒரு ஆள் படகில் வந்து ஒரு தாளை நீட்டினான். மிச்சமிருந்த மூன்று பேரில் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். லியோன்சின் கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகுதான் படித்தான், கப்பலுக்கு அவனே காவல், வழக்கு முடியும்வரை இறங்கக் கூடாது என்று. மற்ற இருவரும் அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்றுதான் தெக்லாள் புருசனோடு பேச்சை நிறுத்தினாள். பெற்ற ஒரே பிள்ளை ஒற்றை ஆளாக நடுக்கடலில் கிடக்கிறான், வாரத்துக்கு ஒரு தடவை படகில் அரிசியும் தண்ணீரும் வருகிறது, வராத வாரங்களும் இருக்கின்றன என்ற நினைப்பில் அவளுக்குத் தட்டில் போட்ட சோறு இறங்கவில்லை. பேச ஆளில்லாத தொபியாஸ், கூடத்தில் இரண்டு கதவுகளைக் கொண்டுவந்து போட்டுத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்.

கடல் வந்த விஷயம் மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அகப்பையும் கையுமாக வந்து எட்டிப் பார்த்து, "மீன் கிடக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றாள் தெக்லாள்.

"அப்ப என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு கொதிப்பதால் மரியபுஷ்பம் போய்விட்டாள்.

ஊர் அந்தக் கடலோடு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வள்ளத்துக்காரர்கள் தொழிலுக்குப் போகிற வழியில் ஜன்னல் பக்கம் நின்று வெள்ளமா வத்தமா என்று பார்த்துவிட்டுப் போனார்கள், கடற்கரை வரை நடந்துபோய்ப் பார்ப்பதைவிட இது பக்கம் என்றார்கள். பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், தெளித்ததில் கடல்மட்டம் ஒரு நூல் உயர்ந்ததால் ஜெபத்தைப் பாதியில் முடித்துக்கொண்டார். துறைமுக அதிகாரி ஆறுமுகநயினார் சீருடையோடு வந்து, இது எங்கள் துறைமுகத்தின் மாதிரி என்பதால் எங்கள் பொறுப்பில்தான் வரும் என்று சொல்லி, ஓரத்தில் ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை நட்டு, ஒரு குமாஸ்தாவைக் காலையும் மாலையும் வந்து அளவு குறிக்கச் சொல்லி, துறைமுக எல்லை வீட்டு வாசல்படி வரை என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். தெக்லாள் மேசை விளிம்பில் பூத்த உப்பைச் சுரண்டிக் குழம்பில் போட்டாள். குழம்பு நன்றாக இருப்பதாகத் தொபியாஸ் குழந்தை யேசுவிடம் சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலையில், மேசையின் கிழக்கு ஓரத்தில், ஒரு முழ நீளத்துக்குத் துருப்பிடித்த கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது.

கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் லென்ஸ் வாங்கிவந்து கண்ணில் வைத்து, எழுத்துக் கூட்டிப் பெயரைப் படித்தாள் தெக்லாள். செரினா ஸ்டார். கப்பலின் பின்பக்கத்தில் பனியன் போட்ட ஒரு ஆள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு அரிசி உயரம் இருந்தான். இடது தோளைக் காது வரைக்கும் ஏற்றிக்கொண்டு நறுக்கினான். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படித் தோளை ஏற்றிக்கொண்டு வெங்காயம் நறுக்குவான், அவனை அவள்தான் பெற்றிருந்தாள். மெலிந்துபோயிருந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் அந்தக் கப்பல் மேல் விழுந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுது தீர்த்தாள்.

பத்து மணிக்குப் போன் வந்தது.

"ம்மா, இங்க என்னமோ மாறிப்போச்சும்மா. எந்திரிச்சுப் பாத்தா அந்த ஊரையே காணல. தூரத்துல நம்ம வீட்டு பீரோ மாதிரி ஒண்ணு வானத்துக்கும் பூமிக்குமா நிக்கி."

"அது நம்ம வீட்டு பீரோதாம்ல."

"அதுக்கு முன்னால நிக்கிறது?"

"நான்தாம்ல, ராசா."

"அப்பச் செத்த மெதுவா மூச்சு விடும்மா. காத்து பலமா அடிக்கி. அடுப்பு நிக்க மாட்டேங்கு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் கண்ணாடி மூடியே இருந்தது. பார்க்க வருகிறவர்கள் வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு வந்தார்கள், தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடினார்கள். அதுவரை புன்னைமுனையில் யாரும் எந்த வீட்டிலும் மெதுவாகப் பேசியதில்லை, இப்போது தொண்டையை அடக்கிக் குசுகுசுவென்று பேசப் பழகினார்கள், மரியபுஷ்பத்துக்கு மட்டும் அது கடைசிவரை வரவில்லை, ஆகவே அவள் வாசலோடு நின்றுகொண்டாள்.

கப்பலைக் கரைக்குக் கொண்டுவர வேண்டுமே. என்ஜின் செத்த கப்பல் தானாக வராது. தொபியாஸ் ஆள்காட்டி விரலைக் கடலில் விட்டு மெதுவாகத் தள்ளப் பார்த்தார். விரல் இறங்கிய இடத்தில் எழுந்த அலையில் செரினா ஸ்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, போனில் லியோன்ஸ் அலறினான், "அப்பாவக் கைய எடுக்கச் சொல்லும்மா!"

"ஆண்டவரே, அந்தக் கைய எடுக்கச் சொல்லும்!" என்று படத்தைப் பார்த்து அலறினாள் தெக்லாள். அந்தச் சத்தத்தில் கப்பல் மறுபக்கம் சாய்ந்தது.

பிறகுதான் தொபியாஸ் தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தார். வெள்ளம் ஏறும்வரை பொறுத்திருந்து, லியோன்சை நங்கூரத்தை எடுக்கச் சொல்லி, தெக்லாளை மேசையின் கிழக்கே நிற்கச் சொல்லும்படி குழந்தை யேசுவைக் கேட்டுக்கொண்டார். "பாலை ஆத்துற மாதிரி ஊதச் சொல்லும் ஆண்டவரே. கொஞ்சம் இடப்பக்கம். போதும். இன்னும் கொஞ்சம்." அவள் ஊதினாள். பெற்றவள் மூச்சில் கப்பல் ஒரு மணி நேரத்தில் ஒரு முழ தூரம் வந்தது. கப்பல்துறைக்கு ஒரு சாண் இருக்கும்போது லியோன்ஸ் முன்பக்கம் ஓடிவந்து எறிகயிற்றை எறிந்தான். அது சிலந்தி நூலைவிட மெல்லியதாக இருந்தது, வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தால்தான் தெரிந்தது. தொபியாஸ் ஒரு கண்ணில் லென்ஸும் கையில் மரியபுஷ்பம் புருவம் திருத்துகிற இடுக்கியுமாக நின்றிருந்தார். வயது அறுபத்து நாலு. நூல் தண்ணீரைத் தொடுமுன்னே பிடித்து, அதன் நுனியில் வந்த கயிற்றை இழுத்துப் பித்தளைத் திருகாணியில் இரண்டு சுற்று மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே நின்ற வள்ளத்துக்காரர்கள் கைதட்ட முடியாததால் தலையை ஆட்டினார்கள்.

லியோன்ஸ் ஏணியில் இறங்கிக் கரையில் கால் வைத்தான். நிலம் ஆடாமல் இருந்ததில் தடுமாறி உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, தொபியாஸ் தீப்பெட்டியில் செய்துவைத்திருந்த பிளாட்பாரத்துக்கு நடந்துபோய், ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். ரயிலில் ஏறினால் ஆள் வீடு வந்து சேருவான், அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. தொபியாஸ் சுவிட்சைப் போட்டார். ரயில் கிளம்பி உப்புக் கிட்டங்கிக்குப் பின்னால் போய் மறைந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரயில் கிட்டங்கியின் அந்தப் பக்கமாக வெளியே வந்து, கப்பலுக்கு எதிரே அதே பிளாட்பாரத்தில் வந்து நின்றது.

இரண்டாவது தடவையும் வந்து நின்றது. மூன்றாவது தடவையும் வந்து நின்றது.

"ம்மா, இது சுத்திச் சுத்தி இங்கயேதான் வருது" என்றான் லியோன்ஸ் போனில். அவன் குரல் உடைந்திருந்தது. கடலில் கிடந்த பதினோரு மாதத்தில் ஒரு நாளும் அவன் அம்மாவிடம் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை.

தெக்லாள் திரும்பினாள். படத்தின் பக்கம் திரும்பவில்லை, புருசன் பக்கம் திரும்பினாள். "தண்டவாளத்த எங்க போற மாதிரிப் போட்டீங்க?"

"எங்க போகும்? கிட்டங்கிக்குப் பின்னால போகும், அந்தப் பக்கமா வரும்."

"அதுக்கு அங்கிட்டு?"

தொபியாஸ் யோசித்தார். முப்பத்தொரு வருசமும் அவர் கப்பலைப் பார்த்து, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர். சரக்கு ஏற்றிய பெட்டிகள் கிட்டங்கிக்குப் பின்னால் போகும், காலிப் பெட்டிகள் அந்தப் பக்கமாக வரும், அவர் கண்டது அவ்வளவுதான். கயிற்றுக்காரர் எவருக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் வேலை இருந்ததில்லை. கண்டதைக் கண்டபடி கட்டியிருந்தார், வட்டமாக.

"அங்கிட்டு நான் போனதில்லையே, தெக்லா" என்றார்.

"வெட்டுங்க" என்றாள் அவள். "வெட்டி நேர ஸ்டேசனுக்குக் கொண்டுபோங்க."

அவள் தன்னோடு நேராகப் பேசிவிட்டாள் என்பது தொபியாஸுக்கு அப்போதே உறைத்தது, ஆனால் அதை எடுத்துச் சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, பேசாமல் இடுக்கியை எடுத்துத் தண்டவாளத்தைக் கிட்டங்கிக்குப் பின்னால் வெட்டினார்.

ஸ்டேசன் இரண்டு கிலோமீட்டர். பார்சலில் வந்த தண்டவாளம் வாசல்படிக்கே பற்றவில்லை. ஊர் அன்று மாலையே வேலையில் இறங்கியது. சைக்கிள் கடைக்காரர்கள் சக்கரக் கம்பிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வீடு திரைச்சீலைக் கம்பி வந்தது, கன்னிமாடத்துச் சிஸ்டர்மார் ஐஸ் குச்சிகளை நறுக்கிக் குறுக்குக் கட்டை செய்து அனுப்பினார்கள், வலை பின்னுகிற பெண்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து ஒவ்வொரு கட்டையாக நூலால் கட்டினார்கள். தண்டவாளம் வாசல்படியில் ஒரு பலகைச் சரிவில் இறங்கி, தெருவோரச் சுவரை ஒட்டிப் போய், சாக்கடையை ஒரு மர ஸ்கேல் மேல் தாண்டி, கோயில் வளாகத்துக்குள் நுழைந்து வெளியேறி, மீன் மார்க்கெட்டைக் கடந்தது. மார்க்கெட்டில் பூனைகள் இருந்தபடியால் அங்கே மட்டும் கோழிக்கூடை கவிழ்த்துக் கூரை போட்டார்கள். பஸ் ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஒரு போலீஸ்காரரைப் போட்டிருந்தார்கள். நாலாம் நாள் மத்தியானம் தண்டவாளத்தின் மறுமுனை ஸ்டேசனில் முதலாம் பிளாட்பாரத்தின் ஓரத்தைத் தொட்டது.

லியோன்ஸ் பையோடு ரயிலில் ஏறினான். தொபியாஸ் சுவிட்சில் கை வைத்தார். அப்போது ஆறுமுகநயினார் தொண்டையைக் கனைத்தார், கனைத்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

"அந்தக் கோர்ட்டுத் தாளை ஒரு தடவை பாத்துட்டா நல்லது" என்றார்.

லியோன்ஸ் தாளை ஜன்னலில் விரித்துப் பிடித்தான். அதிகாரி லென்ஸை வைத்து வாய்க்குள் படித்தார், படிக்கப் படிக்க அவர் முகம் தொங்கியது. "துறைமுக எல்லைக்குள்ள சுத்துற வரைக்கும் பையன் கப்பல்ல இருக்கதாத்தான் அர்த்தம். வாசல்படியத் தாண்டினா காவல விட்டுட்டு ஓடினவன்னு ஆயிரும். எந்த ஊர்ல இருந்தாலும் பிடிச்சுருவாவ. கப்பல்ல குறைஞ்சது ஒரு ஆள் இருந்தே ஆகணும்னு போட்ருக்கு. இந்தத் தாளை இவன் கையில இருந்து யாராவது வாங்கிக்கிட்டா, அப்ப அவங்கதான் காவல், இவன் போகலாம்."

ஒரு பிளாஸ்டிக் போர்வீரனை வைத்தால் போதாதா என்று வாசலிலிருந்து கேட்டாள் மரியபுஷ்பம். பொம்மை கை நீட்டி வாங்காது என்றார் அதிகாரி. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

தொபியாஸ் சுவிட்சை விட்டுக் கையை எடுத்தார். உள்ளே போய் முகச்சவரம் செய்துகொண்டார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார், ஒரு பையில் உடுத்த இரண்டு சாரமும் ஒரு சட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"தெக்லா, நான் போயிட்டு வாரேன்."

பிள்ளையை விடுவிக்கத்தான் பதினோரு மாதமாக அவள் அத்தனை மாதா கோயிலுக்கும் நேர்ந்துகொண்டாள், ஆனால் இப்படி விடுவிக்கச் சொல்லி நேர்ந்துகொள்ளவில்லை. சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது, "பிரஷர் மாத்திரை எடுத்தீங்களா?"

"எடுத்தேன்" என்றார்.

ரயிலைக் காலியாக ஸ்டேசனுக்கு அனுப்பினார்கள். தொபியாஸ் அதன் பின்னாலேயே நடந்து போனார். முதலாம் பிளாட்பாரத்தின் ஓரத்தில் செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு, குனிந்து, பயணிகள் பெட்டியில் ஏறினார். வாசல் கொஞ்சம் தாழ்வாக இருந்ததால் தலையில் இடித்துக்கொண்டார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்தில் ரயில் வாசல்படி ஏறி மேசைக்கு வந்தது. தெக்லாள் லென்ஸ் வழியாகப் பார்த்தாள். அப்பாவும் மகனும் பிளாட்பாரத்தில் எதிரெதிரே நின்றார்கள், இரண்டு அரிசி. மகன் தாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். அப்பா கையை நீட்டியபடியே நின்றார். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை, அவரேதான் நீட்டினார், வெகு நேரம் நீட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் லியோன்ஸ் தாளைக் கொடுத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதான்.

ரயில் கிளம்பியது. தெக்லாள் வெயில் படாமல் ரயிலுக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு, அதன் வேகத்துக்கு அடி அடியாக எடுத்து வைத்து, சுவரோரமாகவும் சாக்கடை ஓரமாகவும் மீன் மார்க்கெட் வழியாகவும் இரண்டு கிலோமீட்டர் கூடவே நடந்தாள். பஸ் ரோட்டில் போலீஸ்காரர் இரண்டு பஸ்ஸையும் ஒரு லாரியையும் நிறுத்தி வழிவிட்டார். முதலாம் பிளாட்பாரத்தில் இறங்கிய லியோன்ஸ் ஐந்தடி ஒன்பது அங்குலம் இருந்தான். அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், கையைத் தொட்டாள், துரு வாசனை அடித்தது. "வாலே வீட்டுக்கு, சோறு ஆறிப்போகும்" என்றாள்.

லியோன்ஸ் ஒரு வாரம் தூங்கினான், ஒரு வாரம் சாப்பிட்டான், மூன்றாம் வாரம் ஐஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தான். கோர்ட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. மேசையில் வெள்ளம் ஏறியது, வற்றியது, குமாஸ்தா வந்து குறித்துக்கொண்டு போனான். செரினா ஸ்டார் திருகாணியில் கட்டியபடி கிடந்தது. தொபியாஸ் தினமும் சோற்றைக் கருக்கினார். அடியிலிருந்து புகை வருவது லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. தெக்லாள் ஒரு பருக்கையைக் கரையில் வைத்துப் பார்த்தாள். அதைத் தூக்க அவரால் முடியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கையால் பிய்த்துப் பிய்த்துத் தின்றார், தின்றுவிட்டு அவள் இருக்கிற திசையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அதெல்லாம் அவளுக்குத் தாங்கிக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது. தாங்க முடியாதது வேறு. பதினோரு மாதமாக அந்த மனுசனிடம் சொல்ல வேண்டும் என்று அடக்கி அடக்கி வைத்திருந்ததெல்லாம் இப்போது தொண்டை வரை வந்து நின்றது. போனில் சொல்லலாம் என்றால் நாலு நிமிசத்தில் கப்பலில் சார்ஜ் தீர்ந்தது. மேசைப் பக்கம் நின்று சொல்லலாம் என்று, "ஏன்யா, ஒத்தப் பிள்ளைய" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், கப்பல் சாய்ந்து அதன் உயிர்காப்புப் படகு கடலில் விழுந்தது. மெதுவான குரலில் திட்ட அவளுக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. அப்படியே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாலும் அது திட்டாக இல்லாமல் ஜெபமாகத்தான் கேட்டது.

ஒரு சனிக்கிழமை அவள் ஆறுமுகநயினாரைப் போய்ப் பார்த்தாள்.

"கப்பல்ல குறைஞ்சது ஒரு ஆள் இருக்கணும்னுதான போட்ருக்கு?"

"ஆமாம்மா."

"கூடிப்போனா எத்தன பேருன்னு போட்ருக்கா?"

அதிகாரி எழுதிவைத்திருந்த நகலை எடுத்து இரண்டு தடவை படித்தார். "போடல" என்றார்.

மறுநாள் பூசை முடிந்த கையோடு அவள் மிளகாய்த்தூள், மல்லித்தூள், ஒரு பொட்டலம் கருவாடு, நாலு சேலை, பிரஷர் மாத்திரை மூன்று மாதத்துக்கு என்று பையைக் கட்டினாள். விசிறியைப் போடாதே, ஜன்னலைத் திறக்காதே, சீக்கிரம் ஒரு பெண்ணைப் பார், பார்த்தால் சத்தம் போட்டுப் பேசாத பெண்ணாகப் பார் என்று லியோன்சிடம் சொன்னாள். அவன் வேண்டாம் என்று கையைப் பிடித்தான். "நீ வந்துட்டல்ல. எனக்கு அது போதும். இது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது" என்றாள். ஸ்டேசன் வரை வந்த மரியபுஷ்பம், "எப்பக்கா திரும்பி வருவ?" என்று கேட்டாள். "பேசி முடிச்ச பெறகு" என்று சொல்லிவிட்டுத் தெக்லாள் குனிந்து ரயிலில் ஏறினாள்.

உள்ளே எல்லா ரயிலும் போலத்தான் இருந்தது. கோழிக்கூடை வானத்தையும் மர ஸ்கேல் பாலத்தையும் கடந்து, வாசல்படி மலையில் ஏறி, ரயில் உப்புக் கிட்டங்கிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது கடல் காற்று முகத்தில் அடித்தது. செரினா ஸ்டார் ஒரு கோயில் உயரத்துக்கு நின்றது. ஏணியின் மேல்படியில் தொபியாஸ் நின்றிருந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், வாயைத் திறந்தவர் மூடவில்லை. கையை மட்டும் நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடிக்காமல் தானே ஏறினாள், பையைக் கீழே வைத்தாள், முந்தானையை இடுப்பில் செருகினாள்.

பிறகு வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து, புன்னைமுனைக்காரிக்கு ஆண்டவர் கொடுத்த முழுச் சத்தத்தில் ஆரம்பித்தாள். கையெழுத்தில் ஆரம்பித்து, ஐஸ் பேக்டரிக்குப் போய், தூங்காத ராத்திரிகளுக்கு வந்து, இறங்காத சோற்றுக்கு வந்து, மறுபடி கையெழுத்துக்குப் போனாள். கடலில் ஒரு அலை எழவில்லை. கப்பல் ஒரு நூல் சாயவில்லை. தொபியாஸ் தலையைக் குனிந்துகொண்டு ஒன்று விடாமல் கேட்டார், கேட்டுக்கொண்டே அழுதார், இடையில் ஒரு தடவை, "என்னை மன்னிச்சிரு தெக்லா" என்றார். "பேசிக்கிட்டிருக்கேன்ல, குறுக்க பேசாதீங்க" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். மேற்கே வெயில் சாய்ந்தபோது அவள் இன்னும் முதல் மாதத்தைத் தாண்டியிருக்கவில்லை. பேச்சை நிறுத்தாமலே கருகிய பானையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினார்.